கோடு இருக்கு, நெட் இல்லை: டவர் குறைந்த இடங்களில் மொபைல் டேட்டா – அனுபவப் பகிர்வு

மலைச்சரிவு:
மலை எஸ்டேட், பள்ளத்தாக்கு ஊர், தகரக் கூரை போட்ட லைன் வீடு என்று டவர் தடுமாறும் இடங்களில் எது பலன் தருகிறது, எது தருவதில்லை என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஒரே கோரிக்கை: "ரெண்டு சிக்னல் கோடு வந்துச்சு" என்று மட்டும் எழுத வேண்டாம். அந்தக் கோட்டுக்குப் பொது அளவு கிடையாது. ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வரைகிறது. சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் எண்ணைப் போடுங்கள்.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் வழியாகப் போனால் எண் இருக்கும். சாம்சங்கில் *#0011#, ஐபோனில் *3001#12345#* டயல் செய்தாலும் வரும். 4ஜிக்குப் பார்க்க வேண்டியது ஆர்எஸ்ஆர்பி, அதாவது டவரின் சிக்னல் எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்ற எண். −80 பக்கம் இருந்தால் அருமை. −100 வரை வேலை நடக்கும். −110 தாண்டினால் தடுமாற்றம். −120-ல் எந்த நிமிடம் அறுந்துபோகும் என்று சொல்ல முடியாது. 3 டிபி குறைந்தால் சக்தி பாதியாகிறது, 10 டிபி குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. அதனால் −105-க்கும் −115-க்கும் நடுவில் இருப்பது சின்ன வித்தியாசம் இல்லை.

செம்புக்கம்பி:
ஆர்எஸ்ஆர்பியோடு எஸ்ஐஎன்ஆரையும் (இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு மேலே இருக்கிறது என்ற எண்) சேர்த்துப் பார்க்காவிட்டால் பாதிக் கதைதான் தெரியும். நெட்மான்ஸ்டர் மாதிரி ஆப் ஒன்று போட்டுக்கொண்டால் இரண்டும் ஒரே திரையில் வரும். "நெட் மெதுவா இருக்கு" என்பதற்குள் மூன்று தனித்தனி நோய்கள் இருக்கின்றன, மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, சிக்னலே பலவீனம். ஆர்எஸ்ஆர்பி −112, −118 என்று இருக்கும். இதிலும் காரணம் தூரமா, தடுப்பா என்று பிரித்துப் பார்க்கலாம். அந்த ஆப்பில் டைமிங் அட்வான்ஸ் என்று ஓர் எண் வரும் (எல்லா போனும் காட்டாது). 4ஜியில் அதை 78-ஆல் பெருக்கினால் டவர் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். எண் 8 வந்து ஆர்எஸ்ஆர்பியும் −115 என்றால், 600 மீட்டர் சுமாரில் டவர் இருக்கிறது, நடுவில் பாறையோ தகரமோ காங்கிரீட்டோ மறைக்கிறது என்று அர்த்தம். ஜன்னல் பக்கம் நகர்ந்தாலே 10 டிபி கூடலாம். எண் 90 வந்தால் டவர் 7 கிலோமீட்டர். அங்கே ஜன்னல் மாற்றுவதில் பெரிதாக ஒன்றும் வராது.

இரண்டாவது, சிக்னல் நன்றாக இருக்கும், இரைச்சல் அதிகம். மொட்டை மாடிக்கு ஏறினால் ஆர்எஸ்ஆர்பி −90-க்கு வரும், ஆனால் வேகம் கீழே இருந்ததைவிடக் குறையும். பலர் இதை நம்பவே மாட்டார்கள். 4ஜியில் பக்கத்து டவர்களும் அதே அலைவரிசையில்தான் பேசுகின்றன. உயரத்துக்குப் போனால் உங்கள் டவரோடு எதிர் மலையின் டவரும் அடுத்த ஊர் டவரும் சேர்ந்து கேட்கும்; சந்தைக்கு நடுவில் நின்று போன் பேசுவது போலத்தான். எஸ்ஐஎன்ஆர் 0-க்குக் கீழே போய்விடும். 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி, 20 என்றால் ராஜபோகம். மருந்து எளிது: தண்ணீர் டேங்க், படிக்கட்டுச் சுவர் இவற்றை வேண்டாத டவர்களின் பக்கம் மறைப்பாக வைத்து நில்லுங்கள். ஆர்எஸ்ஆர்பி கொஞ்சம் இறங்கினாலும் வேகம் ஏறும்.

மூன்றாவது, கூட்டம். இரண்டு எண்களும் நன்றாக இருக்கும், ராத்திரி 9 மணிக்கு நெட் நகராது, விடிகாலை 5 மணிக்குப் பறக்கும். இதற்கு ஆன்டெனா வாங்குவது தண்டச் செலவு. வேறு கம்பெனி சிம்தான் வழி.

ஓடைக்கரை:
யூடியூப் ஓடுது, வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ மட்டும் போகவே மாட்டேங்குது. −116 காட்டுது. இது எந்த வகை அண்ணே?

செம்புக்கம்பி:
முதல் வகைதான் தம்பி. டவர் பத்து இருபது வாட்டில் கத்தும். உங்கள் போன் அதிகபட்சம் 0.2 வாட்தான். அது சொல்வது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் சொல்வது அதற்கு எட்டாது. பலவீனமான இடத்தில் முதலில் சாவது அப்லோடுதான். போன் சுடுவதும் சார்ஜ் மளமளவென இறங்குவதும் அதனால்தான்: முழுச் சக்தியில் கத்திக்கொண்டே இருக்கிறது.

உள்ள கொஞ்ச அப்லோடையும் யார் தின்கிறார்கள் என்று பாருங்கள். கூகுள் போட்டோஸ் பேக்கப், வாட்ஸ்அப் பேக்கப் இரண்டையும் வைஃபைக்கு மட்டும் என்று மாற்றுங்கள். பேக்கப் ஓடும்போது டவுன்லோடும் படுக்கும், ஏனென்றால் வந்து சேர்ந்த டேட்டாவுக்கு "கிடைத்தது" என்ற பதிலும் அதே அப்லோடு வழியாகத்தான் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவை எச்டியில் அனுப்பாதீர்கள்.

அடுத்தது 5ஜி. 4ஜியைச் சார்ந்து ஓடும் என்எஸ்ஏ வகையில் போன் 4ஜியையும் 5ஜியையும் ஒரே நேரத்தில் பிடித்திருக்க வேண்டும். ஓரத்தில் இருக்கும்போது 5ஜி வந்து வந்து போகும், ஒவ்வொரு முறையும் நெட் நிற்கும். பிரிஃபர்டு நெட்வொர்க் டைப்பில் 4ஜிக்கு இறக்கிவிடுங்கள்.

மலைச்சரிவு:
ஓர் எச்சரிக்கை. *#*#4636#*#* போய் "எல்டிஇ ஒன்லி" (4ஜி மட்டும்) வைப்பவர்கள் முதலில் வோல்டி (4ஜியிலேயே கால் பேசும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நெட் ஓடும், கால் வராது. ஜியோவுக்கு 2ஜியே கிடையாது என்பதால் அங்கே இந்த மாற்றத்தால் புதிதாகச் சிக்கல் வராது. மற்ற கம்பெனிகளில் உண்டு.

ஏரோபிளேன் மோடு போட்டு எடுக்கும் பழைய வைத்தியம் சும்மா இல்லை. எங்கோ தூரத்து டவரைப் பிடித்துத் தொங்கும் போனைப் புதிதாகத் தேட வைக்கிறது. 10 விநாடி போதும்.

கூரைமேல்:
வீட்டுக்கே நிரந்தரமாக வேண்டும் என்றால் போனை விட்டுவிட்டு, வெளி ஆன்டெனா மாட்டும் எஸ்எம்ஏ துளை உள்ள 4ஜி சிம் ரவுட்டர் வாங்குங்கள். ஒரே திசையை நோக்கிப் பிடிக்கும் எல்பிடிஏ வகை ஆன்டெனா, 9 டிபிஐ பலம் உள்ளது, இரண்டு வேண்டும். ஒன்றை வலப்பக்கம் 45 டிகிரி, மற்றதை இடப்பக்கம் 45 டிகிரி சாய்த்து டவரை நோக்கித் திருப்ப வேண்டும். டவரின் ஆன்டெனாவும் அப்படித்தான் அனுப்புகிறது. இரண்டையும் செங்குத்தாக வைத்தால் இரண்டாவது ஆன்டெனாவின் பயன் பெரும்பாலும் போய்விடும். திருப்பும்போது எஸ்ஐஎன்ஆரைப் பார்த்துத் திருப்புங்கள். ஆர்எஸ்ஆர்பியைத் துரத்தினால் தப்பான கோணத்தில் நிற்பீர்கள்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது கேபிளில். கடையில் மலிவாகக் கொடுக்கும் ஆர்ஜி58 கேபிள் 1800 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு முக்கால் டிபி சுமாருக்குத் தின்னும். 10 மீட்டர் இழுத்தால் 7 டிபி காலி. ஆன்டெனா கொடுத்த லாபம் கேபிளிலேயே கரைந்தது. எல்எம்ஆர்400 என்றால் அதே நீளத்துக்கு 2 டிபிதான், ஆனால் தடிமன், விலையும் கூட. அதைவிட நல்லது, ரவுட்டரையே தண்ணீர் புகாத பெட்டியில் கூரைமேல் வைத்து அரை மீட்டர் கேபிளில் ஆன்டெனாவைக் கோத்து, கீழே கேட்6 லேன் கேபிளை இறக்குவது. அது 100 மீட்டர் வரை இழப்பில்லாமல் போகும். பிஓஇ போட்டால் கரண்டும் அதிலேயே ஏறும். மலையில் இடி அதிகம், ஆன்டெனா மாட்டிய குழாயை எர்த் செய்யாமல் விடாதீர்கள்.

ஓடைக்கரை:
ஆன்லைனில் 4,000 ரூபாய்க்கு பூஸ்டர் வருதே, அது?

கூரைமேல்:
வேண்டாம். அது ரிப்பீட்டர்தான்; அனுமதியில்லாத ரிப்பீட்டர் வைத்திருப்பதே இந்தியாவில் சட்டவிரோதம். உங்கள் வீட்டில் கோடு ஏறும், அது கக்கும் இரைச்சலில் டவரின் காது அடைத்து ஊருக்கே அப்லோடு படுத்துவிடும்.

பனிமேடு:
பிஎஸ்என்எல் 4ஜிக்கு மாற நினைப்பவர்களுக்கு: அது 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28-லும், 2100-லும் (பேண்ட் 1) வருகிறது. காடு, சுவர் தாண்டுவது 700தான். பழைய போன்கள் பலவற்றில் பேண்ட் 28 இருக்காது. போன் மாடலின் முழு எண்ணைப் போட்டு பேண்ட் பட்டியலைப் பாருங்கள். அதே பெயரில் வேறு நாட்டுக்கு விற்ற மாடலின் பட்டியல் வேறாக இருக்கும். பிறகும் உடனே போர்ட் செய்ய (அதே நம்பரோடு கம்பெனி மாற) வேண்டாம். புது சிம் ஒன்றை வாங்கி இரண்டாவது துளையில் போட்டு, வீட்டில் நீங்கள் உட்காரும் இடத்திலேயே காலையிலும் ராத்திரியிலும் அளந்து பாருங்கள். போர்ட் செய்துவிட்டால் அடுத்து மாற 90 நாள் காத்திருக்க வேண்டும்.