காஸ்ட் அயர்ன் புல்லட்டில் பெரிய கேம்: பழைய வால்வு ஸ்பிரிங் தாங்குமா?

சத்துவாச்சாரி சிங்கிள்:
வண்டி பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350. இஞ்சின் பிரிச்சப்போ லிஃப்ட் அதிகமான, அதாவது வால்வை இன்னும் அதிக தூரம் திறக்கிற கேம் ரெண்டு வாங்கிப் போட்டேன். ஸ்பிரிங் மட்டும் வண்டியோட வந்தது, இதுவரைக்கும் மாத்தினதில்ல. கேம் வித்தவரும் மாட்டின மெக்கானிக்கும் "அதுவே போதும்"னாங்க. இப்ப பள்ளிகொண்டா டோல் தாண்டி ஆக்சிலேட்டரைத் திருகினா ஒரு கட்டத்துக்கு மேல ஹெட்ல சடசடன்னு சத்தம், இழுவையும் நின்னுடுது. டேப்பெட் ரெண்டு தடவை செக் பண்ணியாச்சு. ஸ்பிரிங்கைத் தொடணுமா?

ஆற்காடு 350:
தேவையில்ல தம்பி. இந்த இஞ்சினோட 18 குதிரைசக்தியும் 5,625 ஆர்பிஎம்ல வந்துடுது. ஸ்ட்ரோக் 90 மில்லி. 6,000 சுத்தினா பிஸ்டனோட சராசரி வேகமே நொடிக்கு 18 மீட்டர். அதுக்கு மேல சுத்தினா ஸ்பிரிங்குக்கு முன்னாடி பிக் எண்ட்தான் (கனெக்டிங் ராடோட அடி பேரிங்) போகும். அவ்வளவு சுத்தாத இஞ்சினுக்கு கட்டி ஸ்பிரிங் போட்டா கேம் மூக்கு தேயும், அது மேல உரசுற டேப்பெட்டோட அடியும் தேயும். அப்படித் தேஞ்ச கேமை என் கையாலயே கழட்டியிருக்கேன். முதல்ல கார்புரேட்டர் ஜெட்டைப் பாரு. ஏலகிரியில 14 கொண்டை ஊசியும் ஏற கீழ் இழுவைதான் வேணும், மேல் ரெவ் இல்ல.

காட்பாடி லேத்:
அண்ணா, பிக் எண்ட் பத்தி நீங்க சொல்றது சரி. ஆனா ரெவ் ஏத்தலன்னா ஸ்பிரிங்குக்கு வேலை அதிகமாகாதுன்றத ஒத்துக்க முடியாது. கேம் திறந்து வைக்கிற நேரம் அதேதான், லிஃப்ட் மட்டும் 8 மில்லியிலேர்ந்து 10 ஆச்சுன்னு வைங்க. அதே நேரத்துல வால்வு கால் பங்கு கூடுதலாப் போய்த் திரும்பணும். அதே ஆர்பிஎம்லயே அதைத் திருப்ப 25 சதவீதம் கூடுதல் பலம் வேணும்.

ஆற்காடு 350:
லிஃப்ட் கூடினா ஸ்பிரிங்கும் கூடுதலா அமுங்குது. பலம் தானா வருது.

காட்பாடி லேத்:
வருது, ஆனா பத்தாது. கணக்குக்கு, மூடியிருக்கிறப்போ 30 கிலோ, மில்லிக்கு 4 கிலோன்னு வைங்க. 8 மில்லியில 62, 10 மில்லியில 70. கூடினது 13 சதவீதம்தான், தேவை 25. மூடுற இடத்துல அதே 30தான். வால்வு சீட்ல உக்காரும்போது துள்ளும். அந்தச் சடசட அதுவா இருக்கலாம்.

ஆற்காடு 350:
அப்ப ஸ்பிரிங் அடியில 1 மில்லி வாஷர் ஒண்ணு போடட்டும். டென்ஷன் ஏறிடும், செலவும் இல்ல.

காட்பாடி லேத்:
அதைத்தான் செய்யக் கூடாதுன்றேன். மாட்டின உயரத்துல (வால்வு மூடியிருக்கிறப்போ ஸ்பிரிங் நிக்கிற உயரம்) ஸ்பிரிங் முழுசா நசுங்கின உயரத்தைக் கழிங்க, அதுல லிஃப்டையும் கழிங்க. மிச்சம் ஒன்றரை மில்லியாவது நிக்கணும். வாஷர் அதையே தின்னுடும். சுருள் மேல சுருள் உக்காந்துட்டா அப்புறம் அது ஸ்பிரிங் இல்ல, இரும்புக் குழாய். கேம் தள்ளுற தள்ளுக்கு, வால்வை அமுக்குற ராக்கருக்கும் கேமுக்கும் நடுவுல இருக்கிற புஷ் ராட்தான் வளையும்.

தம்பி, எங்க ரெண்டு பேர் பேச்சையும் விடுங்க, அளந்துடுங்க. புல்லட்ல வெளி ஸ்பிரிங், உள் ஸ்பிரிங் ரெண்டு இருக்கு, தனித்தனியாப் பாருங்க. வைஸ்ல நசுக்கி வெர்னியர் வைங்க. லிஃப்டை வால்வு மேலயே டயல் கேஜ் வச்சு எடுங்க. ராக்கர் மாத்திக் கொடுக்கிறதால கேம்ல எடுத்த அளவு உதவாது. டென்ஷனுக்கு எடை மிஷின் மேல ஸ்பிரிங்கை நிறுத்தி, டிரில்லிங் மிஷினால மாட்டின உயரத்துக்கு அமுக்கி எத்தனை கிலோன்னு பாருங்க. புது ஸ்பிரிங்கையும் அப்படியே பாருங்க. ரிட்டெய்னர் (ஸ்பிரிங் மேல் மூடி) கைடு (வால்வு தண்டு போற குழாய்) மேல இடிக்குதான்னும் கவனிங்க. புஷ் ராடைக் கண்ணாடி மேல உருட்டுங்க, வளைஞ்சிருந்தா நேரா உருளாது.

சத்துவாச்சாரி சிங்கிள்:
ஞாயித்துக்கிழமை ஹெட்டை இறக்கிட்டேன். வெளி ஸ்பிரிங்ல 2 மில்லி மிச்சம் இருக்கு. உள் ஸ்பிரிங்ல அரை மில்லி கூட இல்ல. எடை மிஷின்ல ரெண்டுமே புதுசை விடக் கம்மி. எக்ஸாஸ்ட் புஷ் ராட் கண்ணாடி மேல நேரா உருளல.

ஆற்காடு 350:
உள் ஸ்பிரிங் விஷயத்துல நான் சொன்னது தப்பு தம்பி, மாத்திடு. புஷ் ராடையும் மாத்து. ஆனா கடையில இருக்கிறதுலயே கட்டியானதைத் தேடி எடுக்காத. இந்த லிஃப்டுக்கு இடம் விட்டு, டென்ஷன் கொஞ்சம் மட்டும் ஏறின ஜோடி போதும். கேம் தேயறதைப் பத்தி நான் சொன்னது அப்படியேதான் நிக்குது.

காட்பாடி லேத்:
அதுல எனக்கும் மாறுபாடு இல்ல அண்ணா. தம்பி, ஸ்பிரிங் சீட்டைக் கடைஞ்சா இடம் கிடைக்கும், கூடவே டென்ஷன் இறங்கும். அதனால ஜோடியை வாங்கி அளந்த பிறகு ஹெட்டை எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் பழைய கேமையே போட்டு ஓட்டுங்க.