ஓபன் என்ரோல்மென்ட்: தனிநபர் ஹெல்த் இன்சூரன்ஸ் பதிவில் எங்கே இடறுகிறது? (அனுபவப் பகிர்வு)

இர்விங் வரிக்கணக்கு:
அமெரிக்காவில் தனிநபர் ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்க வருஷத்துக்கு ஒருமுறை திறக்கும் காலம்தான் ஓபன் என்ரோல்மென்ட். 1099-ல் (சம்பளமாக வராத வருமானத்துக்கான படிவம்) கான்ட்ராக்ட் செய்பவர்கள், சொந்தத் தொழில்காரர்கள், லேஆஃப் ஆகி கோப்ராவில் (வேலை போன பிறகும் பழைய கம்பெனி இன்சூரன்ஸைத் தொடரும் ஏற்பாடு) இருப்பவர்கள், அப்பா அம்மாவை கிரீன் கார்டில் அழைத்து வந்தவர்கள் எல்லோருக்குமான இழை இது. வேலையில் பார்த்துத் தெரிந்துகொண்டதைப் போடுங்கள். சொந்தக் கதை வேண்டாம், விவரம் போதும். எண்கள் 2026 பிளானுக்கானவை.

நான் வருமானத்திலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலோர் பிளான் தேர்வில் நாலு ராத்திரி முழித்துவிட்டு, வருமானக் கட்டத்தில் போன வருஷ டபிள்யூ-2 (சம்பளப் படிவம்) எண்ணை அப்படியே அடித்துவிடுகிறார்கள். காசு போவது அங்கேதான். ஹெல்த்கேர்.கவ் (மத்திய அரசின் இன்சூரன்ஸ் பதிவுத் தளம்) கேட்பது, இன்சூரன்ஸ் எடுக்கப்போகும் வருஷத்தில் வரப்போகும் வருமானம். அதுவும் வரிப் படிவத்தில் சேரும் எல்லோருடையதும். நான்கு பேர் குடும்பத்தில் இருவருக்கு மட்டும் இன்சூரன்ஸ் எடுத்தாலும் குடும்ப அளவு நான்குதான்.

ப்ரீமியத்தில் (மாதத் தவணை) ஒரு பகுதியை அரசு மானியமாகத் தருகிறது. 2021 முதல் 2025 வரை இருந்த கூடுதல் மானியம் முடிந்துவிட்டதால், வறுமைக்கோட்டு அளவில் 400 சதவீதம் என்ற பழைய வரம்பு திரும்ப வந்துவிட்டது. 2026 பிளானுக்கு 2025-ன் வறுமைக்கோடுதான் கணக்கு: ஒருவருக்கு 15,650 டாலர், நான்கு பேருக்கு 32,150. அதன் 400 சதவீதம் முறையே 62,600, 128,600. ஒரு டாலர் தாண்டினாலும் மானியம் மொத்தமாகப் போய்விடும்.

டெக்சாஸில் நான்கு பேர் குடும்பம், வருமானம் 1,20,000 டாலர் என்று வையுங்கள். இந்த அளவில் ப்ரீமியத்தில் அவர்கள் பங்கு வருமானத்தில் 9.96 சதவீதம்: வருஷத்துக்கு 11,952, மாதம் 996. பிளான்கள் பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று நான்கு வகை. உங்கள் கவுன்ட்டியில் உங்கள் வயதுகளுக்கு இரண்டாவது மலிவான சில்வர் பிளான் மாதம் 1,900 என்றால், மீதி 904 டாலர் மானியம். இந்த 904 எந்த பிளான் எடுத்தாலும் மாறாது. 1,350 டாலர் பிரான்ஸ் பிளான் எடுத்தால் கையிலிருந்து 446.

இப்போது அதே வீட்டில் வருமானம் 1,31,000 ஆகிறது. வரம்பை 2,400 டாலர் தாண்டியதற்கு வருஷத்துக்கு 10,848 டாலர் மானியம் போச்சு. முன்பு 400 சதவீதத்துக்குள் இருந்தவர்களுக்கு, கூடுதலாக வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கட்டுவதில் ஓர் உச்சவரம்பு இருந்தது. 2026 வரி ஆண்டிலிருந்து அதுவும் கிடையாது, முன்கூட்டி வாங்கியதில் கூடுதலாக உள்ள அத்தனையையும் படிவம் 8962-ல் (மானியக் கணக்கைத் தீர்க்கும் வரிப் படிவம்) திருப்ப வேண்டும். எல்லைக்கு அருகில் இருப்பவர்களுக்கு ட்ரடிஷனல் ஐஆர்ஏ (ஓய்வுக்காலச் சேமிப்பு), ஹெச்எஸ்ஏ (மருத்துவச் செலவுச் சேமிப்பு), சோலோ 401கே (சொந்தத் தொழில்காரரின் ஓய்வுக்காலச் சேமிப்பு) மூன்றும் வருமானத்தைக் கீழே இறக்கும் வழிகள். 2026 முதல் மார்க்கெட்பிளேஸில் (ஹெல்த்கேர்.கவ் போன்ற அரசுத் தளச் சந்தை) விற்கும் பிரான்ஸ் பிளான் எல்லாமே ஹெச்எஸ்ஏ-க்குத் தகுதி. அதில் 2026-ல் போடக்கூடிய குடும்ப வரம்பு 8,750 டாலர். ஐஆர்ஏ, ஹெச்எஸ்ஏ இரண்டிலும் அடுத்த ஏப்ரல் வரித் தேதி வரை போடலாம் என்பதால், டிசம்பரில் தாண்டிவிட்டது தெரிந்தாலும் வழி இருக்கிறது.

நம்மவர்கள் விட்டுவிடுவது இன்னொன்று: என்ஆர்இ (வெளிநாட்டில் வாழும் இந்தியர் இந்தியாவில் வைக்கும் கணக்கு) டெபாசிட் வட்டி. இந்தியாவில் வரி இல்லை, இங்கே உண்டு, ஆகவே இந்த வருமானத்திலும் சேரும். சென்னை வீட்டு வாடகையும் அப்படித்தான்.

எடிசன்வாசி:
தேதியை யாராவது போடுங்கள் சார். நியூ ஜெர்சியில் ஒன்று, தம்பி இருக்கும் டெக்சாஸில் ஒன்று என்று குழப்பமாக இருக்கிறது.

ஷார்லட் ஏஜென்ட்:
ஹெல்த்கேர்.கவ் மாநிலங்களில் (டெக்சாஸ், நார்த் கரோலினா, ஃப்ளோரிடா) 2026-க்கு நவம்பர் 1 முதல் ஜனவரி 15. டிசம்பர் 15-க்குள் எடுத்தால் ஜனவரி 1-ல் தொடங்கும், அதற்குப் பிறகு என்றால் பிப்ரவரி 1. நியூ ஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியாவுக்குச் சொந்தத் தளம் உண்டு, ஜனவரி 31 வரை. 2027 பிளானுக்கு இது சுருங்குகிறது: ஹெல்த்கேர்.கவ்-ல் டிசம்பர் 15-ஓடு கதவு சாத்தப்படும், மாநிலத் தளங்களும் டிசம்பர் 31-ஐத் தாண்டக் கூடாது.

கோப்ராவில் இருப்பவர்கள் கவனிக்கவும். 18 மாதம் இருக்கிறதே என்று தொடர்ந்துவிட்டு, வருஷ நடுவில் கோப்ராவை நீங்களாகவே நிறுத்தினால், அதை வைத்து 60 நாள் சிறப்புப் பதிவு (ஓபன் என்ரோல்மென்ட்டுக்கு வெளியே பிளான் எடுக்கும் வாய்ப்பு) கிடைக்காது. 18 மாதம் முடிந்து போனாலோ, வேலை பார்த்த கம்பெனி கட்டிவந்த பங்கை நிறுத்தினாலோ கிடைக்கும். மாறுவதானால் ஓபன் என்ரோல்மென்ட்டிலேயே மாறிவிடுங்கள்.

இனி உலோகக் கணக்கு. மருத்துவச் செலவில் பிளான் ஏற்கும் பங்கு பிரான்ஸ் 60, சில்வர் 70, கோல்டு 80, பிளாட்டினம் 90 சதவீதம் என்பது சராசரிதான், உங்கள் பில்லில் அந்த விகிதம் வரும் என்று பொருள் இல்லை. வருமானம் வறுமைக்கோட்டின் 250 சதவீதத்துக்குள் இருப்பவர்களுக்கு சில்வரில் மட்டும் செலவுப் பங்குக் குறைப்பு (சிகிச்சைக்குக் கையிலிருந்து போவது குறையும்) உண்டு. 150 வரை இருந்தால் சில்வர் 94 சதவீதமாக மாறும், 200 வரை 87, 250 வரை வெறும் 73. ஒற்றை ஆள், வருமானம் 23,000 என்றால் சில்வர் 94 வரிசையில் வருகிறார். அவர் போய் ஜீரோ ப்ரீமியம் என்று பிரான்ஸைப் பிடித்தால், ஒரு குடல்வால் ஆபரேஷனில் வித்தியாசம் தெரியும். 2026-ல் ஒருவருக்கான அதிகபட்சக் கைச்செலவு வரம்பு 10,600 டாலர்.

200 சதவீதத்துக்கு மேலே கதை தலைகீழ். அந்தக் குறைப்புக்கான பணத்தை மத்திய அரசு 2017 அக்டோபரில் நிறுத்தியது, இன்சூரன்ஸ் கம்பெனிகள் அதைச் சில்வர் விலையில் ஏற்றிவிட்டன. அதனால் டெக்சாஸில் பல இடங்களில் கோல்டு சில்வரை விட மலிவு. வரிசைப்படுத்தும்போது உலோக வடிகட்டியை எடுத்துவிட்டு விலையைப் பாருங்கள்.

ஃப்ரீமாண்ட் பில்லிங்:
டாக்டர் ஆபீஸ் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஃபோன் செய்து "இந்தக் கம்பெனி இன்சூரன்ஸ் எடுப்பீர்களா?" என்று கேட்டால், முன் மேசையில் இருப்பவர் ஆமாம் என்றுதான் சொல்வார். ஒரே கம்பெனிக்கு நாலைந்து நெட்வொர்க் (பிளான் ஏற்கும் டாக்டர்கள், மருத்துவமனைகளின் பட்டியல்). ஆபீஸ் வழி வரும் பிபிஓ-வில் (பட்டியலுக்கு வெளியேயும் போகவிடும் பிளான்) இருக்கும் டாக்டர், மார்க்கெட்பிளேஸ் ஹெச்எம்ஓ-வில் (பட்டியலுக்குள் மட்டும் போகவிடும் பிளான்) இல்லாமல் இருக்கலாம். பிளானின் முழுப் பெயர், அதன் கீழே எழுதியிருக்கும் நெட்வொர்க் பெயர், "ஜனவரி முதல்" என்ற மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் பில்லிங் ஆளிடமே கேளுங்கள். அந்த டாக்டர் அறுவை செய்யும் மருத்துவமனை உள்ளே இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

மருந்துக்கும் இதேதான். பிளானின் மருந்துப் பட்டியலில் பெயரை மட்டும் தேடாதீர்கள், மில்லிகிராமும் வடிவமும் சேர்த்துத் தேடுங்கள். சாதா மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை) விலை குறைந்த முதல் படியில் இருக்கும், மெதுவாகக் கரையும் வகைகளில் ஒன்று மூன்றாம் படியில் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் "முன் அனுமதி" குறி இருந்தால் டாக்டர் கடிதம் வாங்காமல் மருந்துக்கடையில் தர மாட்டார்கள். ஜனவரி முதல் வாரம் முழுக்க எங்கள் ஃபேக்ஸ் மெஷினுக்கு இதே வேலை.

ராலே_மருமகன்:
மாமனார் மாமியாருக்கு 66, 64 வயது. கிரீன் கார்டு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. மெடிகேர் (65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடு) கிடைக்காது என்கிறார்கள். மானியம் வருமா?

இர்விங் வரிக்கணக்கு:
மெடிகேருக்கு 65 வயதோடு இங்கே தொடர்ச்சியாக 5 வருஷம் இருந்திருக்க வேண்டும். அதுவரை மார்க்கெட்பிளேஸ்தான். வயதானவர்களுக்கு இளைஞர்களைப் போல் மூன்று மடங்கு வரை ப்ரீமியம் போடலாம், ஆனால் சர்க்கரை, பைபாஸ் என்று எது இருந்தாலும் மறுக்கவோ விலை ஏற்றவோ முடியாது.

மானியம் எந்த வரிப் படிவத்தில் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அவர்கள் தனியாகத் தாக்கல் செய்து வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால், 2025 வரை புதிய குடியேறிகளுக்கு ஒரு விதிவிலக்கு இருந்தது. 2026-ல் அது எடுக்கப்பட்டுவிட்டது, முழு விலைதான். உங்கள் வரிப் படிவத்தில் டிபென்டென்ட்டாக (உங்களைச் சார்ந்தவராக) காட்டினால் உங்கள் வருமானம் கணக்கில் வரும், ஆனால் குடும்ப அளவும் கூடும். நான்கு பேர் ஆறாகும்போது வறுமைக்கோடு 43,150, அதன் 400 சதவீதம் 1,72,600. உங்கள் வருமானம் 1,40,000 என்றால் பங்கு மாதம் 1,162 டாலர். அவர்கள் இருவருக்கும் அந்த இரண்டாவது மலிவான சில்வர் 2,400 என்றால், மானியம் 1,238. நீங்களும் பிள்ளைகளும் கம்பெனி இன்சூரன்ஸில் இருந்தாலும் பரவாயில்லை.

டிபென்டென்ட் ஆக்குவதற்கு ஒரு தடை: அவரவருடைய மொத்த வருமானம் அந்த வருஷ வரம்புக்குள் இருக்க வேண்டும், 2025-க்கு 5,200 டாலர். ஊரில் பென்ஷன் வாங்கும் மாமனார் அங்கேயே தட்டிப்போவார். ஐ-864-ல் (கிரீன் கார்டுக்காகக் கொடுக்கும் ஆதரவு உறுதிப் படிவம்) கையெழுத்துப் போட்டதால் மட்டும் உங்கள் வருமானம் அவர்கள் கணக்கில் சேர்ந்துவிடாது, இதை உதவி மையத்திலேயே தப்பாகச் சொல்வதுண்டு.

டூரிஸ்ட் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு இந்த வழி இல்லை, பயணக் காப்பீடுதான். ஹெச்1பி (வேலை விசா), எஃப்1 (மாணவர் விசா)-காரர்கள் 2026 வரை மானியம் பெறலாம், 2027 முதல் பிளான் மட்டும் முழு விலையில் வாங்கலாம்.

ஷார்லட் ஏஜென்ட்:
ராலே ப்ரோ, அவர்களுக்கு ஆன்லைனில் கணக்குத் திறக்கும்போது அடையாளச் சோதனையில் நின்றுவிடும். அமெரிக்காவில் கடன் வரலாறு இல்லாதவருக்கு எக்ஸ்பீரியன் (கடன் வரலாறு வைத்திருக்கும் நிறுவனம்) கேட்கும் கேள்விகளுக்குப் பதிலே இருக்காது. திரையில் வரும் குறிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு ஃபோன் செய்யுங்கள், இல்லையென்றால் பாஸ்போர்ட், கிரீன் கார்டு நகலை ஏற்றுங்கள். ஃபோனிலேயே விண்ணப்பமும் முடிக்கலாம், மொழிபெயர்ப்பாளர் இலவசம்.

பெயர்தான் பெரிய தலைவலி. ஒற்றைப் பெயர், முன்னால் இனிஷியல் என்று இருப்பவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் ஒன்று, விசாவில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்), சோஷியல் செக்யூரிட்டி கார்டில் வேறொன்று. விண்ணப்பத்தில் சோஷியல் செக்யூரிட்டி கார்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்துப் போடுங்கள். கிரீன் கார்டில் பெயர் வேறு மாதிரி இருந்தால் அதற்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. 9 இலக்க ஏ-நம்பரும் (குடியேற்றத் துறை தரும் எண்), மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் கொண்ட கார்டு எண்ணும் வேறு வேறு, இரண்டையும் கேட்கும். பொருந்தாவிட்டால் விண்ணப்பம் நிற்காது, பிளான் தொடங்கிவிடும், ஆவணம் அனுப்ப ஏறத்தாழ 90 நாள் தருவார்கள். கடிதத்தை விளம்பரத் தபால் என்று ஒதுக்கிவைத்தால் ஏப்ரலில் இன்சூரன்ஸே நின்றுபோகும்.

எடிசன்வாசி:
பதிவு முடிந்தது, பச்சை டிக் வந்துவிட்டது. இனி கார்டு வரும்வரை காத்திருந்தால் போதுமா?

ஃப்ரீமாண்ட் பில்லிங்:
போதாது அக்கா. முதல் மாத ப்ரீமியத்தை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நேரடியாகக் கட்ட வேண்டும், அரசுத் தளத்தில் பணம் வாங்க மாட்டார்கள். கட்டாவிட்டால் பிளான் தொடங்கியதாகவே கணக்கில்லை. பழைய ஆட்டோபே புது பிளானுக்குத் தாவாது. கம்பெனி மாறினால் பழைய ஆட்டோபேயை நிறுத்தாதவரை அதுவும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

மானியத்தோடு இருப்பவர்களுக்குப் பிந்திய தவணைக்கு 90 நாள் சலுகை உண்டு. ஆனால் முதல் 30 நாள் பில்லைத்தான் கம்பெனி கட்டும், இரண்டாம் மூன்றாம் மாத பில்கள் நிலுவையில் நிற்கும். மொத்தப் பாக்கியையும் அடைக்காவிட்டால் முதல் மாத முடிவிலேயே பிளான் முடிந்ததாக எழுதிவிட்டு, அந்த பில்கள் உங்கள் வீட்டுக்கு வரும். மானியம் இல்லாதவர்களுக்கு மாநில விதிப்படி, பெரும்பாலும் ஒரு மாதம்தான்.

கார்டு வரத் தாமதமானால் கம்பெனித் தளத்தில் கணக்குத் திறந்து உறுப்பினர் எண்ணை எடுத்துக்கொள்ளலாம், அதை வைத்தே நாங்கள் சரிபார்த்துவிடுவோம்.

இர்விங் வரிக்கணக்கு:
ஜனவரி கடைசியில் 1095-ஏ (மார்க்கெட்பிளேஸ் அனுப்பும் வருஷக் கணக்குப் படிவம்) வரும், அதில் பி பத்தியைப் பாருங்கள். அந்த இரண்டாவது மலிவான சில்வர் விலை அங்கே இருக்க வேண்டும். வருஷ நடுவில் குழந்தை பிறந்ததையோ வீடு மாறியதையோ தளத்தில் தெரிவிக்காமல் விட்டிருந்தால் அந்தப் பத்தியில் பூஜ்யமோ பழைய எண்ணோ இருக்கலாம். ஹெல்த்கேர்.கவ்-ல் அதற்கென்றே வரிக் கருவி இருக்கிறது, மாதவாரியாகச் சரியான எண்ணை எடுத்து 8962-ல் போடுங்கள். அந்தப் படிவத்தை விட்டுவிட்டுத் தாக்கல் செய்தால், தாக்கலே ஏற்கப்படாமல் போகலாம், அல்லது ஐஆர்எஸ் (வரித் துறை) கடிதம் வரும், படிவத்தை அனுப்பும்வரை ரீஃபண்ட் நிற்கும்.