16-ஆவது வாரத்தில் ஃபைப்ராய்டு வலி: எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எப்போது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

கேள்வி: தாழம்பூ

வணக்கம். இது எனக்கு முதல் கர்ப்பம். இப்போது 16-ஆவது வாரம் நடக்கிறது. கருப்பையில் நார்க்கட்டி (ஃபைப்ராய்டு) இருப்பது 12-ஆவது வார ஸ்கேனில்தான் தெரியவந்தது. முன்சுவரின் வலப்பக்கத் தசைக்குள் 7 செ.மீ. அளவில் ஒன்றும், கருப்பையின் வெளிப்பரப்பில் 3 செ.மீ. அளவில் இன்னொன்றும் இருப்பதாக அறிக்கை கூறுகிறது. கர்ப்பத்துக்கு முன் மாதவிடாயின்போது உதிரப்போக்கு சற்று அதிகமாக இருந்ததே தவிர, வேறு தொந்தரவு எதுவும் எனக்கு இருந்ததில்லை.

சென்ற வாரம் அடிவயிற்றின் வலப்பக்கத்தில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓரிடத்தில், திடீரென்று கடுமையான வலி தொடங்கியது. லேசான காய்ச்சலும் குமட்டலும் சேர்ந்துகொண்டன, உதிரப்போக்கு இல்லை. மருத்துவர் ஸ்கேனும் ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளும் செய்துவிட்டு, குழந்தை நன்றாக இருக்கிறது, வலி கட்டியிலிருந்துதான் வருகிறது என்று கூறி, பாராசிட்டமால் எழுதிக்கொடுத்தார். வலி இப்போது குறைந்திருக்கிறது, ஆனால் முழுமையாக நீங்கவில்லை.

குழந்தை வளர வளர இந்தக் கட்டியும் வளர்ந்துகொண்டே போய்க் குழந்தையை நெருக்குமோ என்பதுதான் என்னுடைய பெரிய பயம். இப்போதே அறுவைச் சிகிச்சை செய்து அகற்றிவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். பிரசவம் வரை படுக்கையை விட்டு எழவே கூடாது என்று இன்னொருவர் சொல்கிறார். பாராசிட்டமாலைவிட வலுவான மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா என்பதும், சிசேரியன் என்று இப்போதே மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டுமா என்பதும் எனக்குத் தெரியவில்லை. இதைக் கடந்து வந்தவர்களும் இத்துறையில் இருப்பவர்களும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: கார்முகில்

சகோதரி, நீங்கள் விவரித்திருக்கும் வலி எனக்கு நன்றாகவே தெரியும். கட்டி வேகமாகப் பருக்கும்போது அதற்குப் போகும் ரத்தம் போதாமல் உள்ளிருக்கும் திசு சிதைவதால் இந்த வலி வருகிறது என்றும், அதைச் சிவப்புச் சிதைவு என்று அழைப்பார்கள் என்றும் என் மருத்துவர் விளக்கினார். 5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிகளில், கர்ப்பத்தின் நடுப்பகுதியில் இது கூடுதலாக வருமாம். பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். சிதைவது கட்டிதானே தவிர, குழந்தைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. பெரும்பாலோருக்குச் சில நாட்களிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் வலி அடங்கிவிடும், எனக்கும் அப்படித்தான் அடங்கியது. அதே வலி பிறகு இன்னொரு முறை, முன்னைவிட லேசாக, எட்டிப்பார்த்தது.

வலி உச்சத்தில் இருந்தபோது எனக்கு உதவியவை மிக எளிய விஷயங்கள். கட்டி இல்லாத பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, வயிற்றுக்கு அடியில் மெல்லிய தலையணை ஒன்றை அணைவாக வைத்துக்கொள்வது, துணியில் சுற்றிய வெதுவெதுப்பான ஒத்தடம், வாந்தி இருந்தாலும் சிறிது சிறிதாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பது ஆகியவைதான். மலச்சிக்கல் அந்த வலியை இருமடங்காக்கிவிடும் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. பாராசிட்டமாலை வலி தாங்க முடியாத நிலைக்குப் போகும்வரை காத்திருந்து விழுங்குவதைவிட, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில் எடுத்துக்கொண்டபோது நல்ல பலன் கிடைத்தது.

மறுமொழி: பேறுகாலச் செவிலி

தாழம்பூ அவர்களுக்கு, உங்கள் மருத்துவரே உங்களைப் பரிசோதித்தவர் என்பதால் அவருடைய முடிவுதான் இறுதியானது. அவரிடம் என்னென்ன கேட்கலாம் என்பதற்கு உதவும் வகையில் பொதுவான சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் வளர்ச்சி பற்றிய பயம். குழந்தையோடு சேர்ந்து கட்டியும் பிரசவம் வரை வளர்ந்துகொண்டே போகும் என்பது பரவலான நம்பிக்கையாக இருந்தாலும், உண்மையில் வளரும் கட்டிகள் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான் வளர்கின்றன. அதன் பிறகு பல கட்டிகள் அதே அளவில் நிற்கின்றன, சில சுருங்கவும் செய்கின்றன. நார்க்கட்டியுள்ள கர்ப்பிணிகளில் பெரும்பாலோருக்குக் கர்ப்பம் சிக்கலின்றியே முடிகிறது.

எல்லோரும் சென்டிமீட்டரையே கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது இடத்தை. நஞ்சுக்கொடி அந்த 7 செ.மீ. கட்டியின் மேலேயே ஒட்டியிருக்கிறதா, அல்லது வேறு சுவரில் இருக்கிறதா? கட்டியின் மேல் நஞ்சுக்கொடி அமைந்திருந்தால் அது முன்கூட்டியே பிரிந்துவிடும் அபாயம் சற்றுக் கூடுகிறது. கட்டி கருப்பையின் உட்குழியைத் தள்ளிக்கொண்டிருக்கிறதா? அப்படியிருந்தால் குழந்தை தலைகீழாகத் திரும்பாமல், கால் கீழாகவோ குறுக்காகவோ தங்கிவிடக்கூடும். கட்டி கருப்பைவாய்க்கு அருகில் கீழ்ப்பகுதியில் இருக்கிறதா, மேற்பகுதியில் இருக்கிறதா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால், கவலைப்பட வேண்டியது எதற்கு, வேண்டாதது எதற்கு என்பது தெளிவாகிவிடும். வெளிப்பரப்பில் உள்ள உங்கள் 3 செ.மீ. கட்டியைப் பற்றி, அது காம்பில் தொங்கி முறுக்கிக்கொள்ளும் வகையாக இல்லாத பட்சத்தில், நான் அதிகம் யோசிக்கமாட்டேன்.

மருந்து விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், இண்டோமெத்தசின் போன்றவை இந்த வலிக்கு நன்றாகவே வேலை செய்யும்; ஏனெனில் சிதையும் கட்டி வெளிவிடும் வலியூட்டும் பொருள்களை அவை தடுக்கின்றன. ஆனால் 20-ஆவது வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 அக்டோபரில் எச்சரித்தது. ஏறத்தாழ 30 வாரங்களுக்குப் பிறகு, குழந்தையின் இதயத்தருகே உள்ள, பிறந்த பின்னரே மூடவேண்டிய ரத்தக்குழாய் முன்னதாகவே மூடிக்கொள்ளும் அபாயமும் உண்டு. ஆகவே நீங்கள் இருக்கும் வாரத்தில் மருத்துவர் சில நாட்களுக்கு மட்டும் எழுதிக்கொடுக்கலாம். கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடுவதற்கு உரியவை அல்ல அவை. இந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டு, ரத்த அழுத்தச் சிக்கலைத் தடுப்பதற்காக மருத்துவர் கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரினையும் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எச்சரிக்கை அதற்குப் பொருந்தாது.

முழுநேரப் படுக்கை ஓய்வால் கட்டி சுருங்குவதில்லை. மாறாக, கர்ப்ப காலத்தில் ஏற்கெனவே கூடுதலாக இருக்கும் கால் ரத்தக்கட்டு அபாயத்தை அது மேலும் உயர்த்துகிறது. வலி உள்ள நாட்களில் ஓய்வெடுங்கள், வலி தணிந்ததும் எழுந்து நடமாடுங்கள். ஹீமோகுளோபின் அளவை இப்போதே கவனித்து, இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் எடுத்துக்கொள்வது அதைவிட முக்கியம்; நார்க்கட்டி உள்ளவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு கூடுதலாக வாய்ப்புண்டு என்பதால், உடலில் கையிருப்பு இருக்க வேண்டும்.

பின்வரும் எதுவும் நேர்ந்தால் கட்டி வலிதான் என்று நீங்களே முடிவுகட்டாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்: எந்த அளவிலாவது உதிரப்போக்கு, நீர் கசிவது, விட்டுவிட்டுச் சீரான இடைவெளியில் வயிறு இறுகுவது, தளராமல் கல்போல் இறுகிய வயிறு, அதிகக் காய்ச்சல், சிறுநீர் கழிக்கவே முடியாமல் போவது, பின்னாட்களில் குழந்தையின் அசைவு குறைவது. வலப்பக்க வலி என்பதால் குடல்வால் அழற்சியையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். வலி இடம் மாறினாலோ மீண்டும் கடுமையானாலோ பழைய ஸ்கேனை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

மறுமொழி: வெண்தாமரை

சிசேரியன் பற்றி ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கர்ப்பத்துக்கு முன்பே கட்டிகளை அகற்றிக்கொண்டவள் நான். கருப்பைத் தசையை ஆழமாக வெட்டித் தைத்திருந்ததால், பிரசவ வலியின் அழுத்தத்தில் அந்தத் தழும்பு பிரியக்கூடும் என்று கருதி எனக்கு முன்கூட்டியே சிசேரியனுக்குத் தேதி குறித்தார்கள். உங்களுக்கு அப்படி அறுவைச் சிகிச்சை எதுவும் நடந்திராத நிலையில், என் போன்றவர்களின் அனுபவத்தை உங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். நார்க்கட்டி உள்ளவர்களில் சிசேரியன் விகிதம் மற்றவர்களைவிட அதிகம் என்பது உண்மைதான், ஆனால் நார்க்கட்டி இருக்கிறது என்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது.

தாழம்பூ

அனைவருக்கும் நன்றி. அறிக்கையை மறுபடியும் எடுத்துப் படித்தேன். நஞ்சுக்கொடி பின்சுவரில் என்று எழுதியிருக்கிறது. கட்டி கருப்பைவாயிலிருந்து எவ்வளவு தூரம் என்பது அதில் இல்லை, அடுத்த முறை கேட்பேன். ஒருவேளை சிசேரியன் செய்ய நேர்ந்தால், வயிற்றைத் திறந்திருக்கும் அதே நேரத்தில் கட்டியையும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாமா?

மறுமொழி: பேறுகாலச் செவிலி

நஞ்சுக்கொடி பின்சுவரிலும் கட்டி முன்சுவரிலும் இருப்பது நல்ல செய்தி. கருப்பைவாய்க்கும் கட்டிக்கும் உள்ள தூரத்தை இப்போது அளப்பதைவிட, 32 வாரங்களுக்குப் பிறகு அளப்பதே பயன் தரும். ஏனெனில் கருப்பையின் கீழ்ப்பகுதி விரியும்போது, வழியை அடைத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றிய கட்டிகூடப் பலருக்கு மேலே இழுபட்டுப் போய்விடுகிறது. இடையில், வயிற்றின் உயரத்தை நாடாவால் அளந்து ‘மாதத்துக்கு மீறிய வயிறு’ என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். கட்டி இருக்கும்போது அந்த அளவு நம்பத்தகுந்ததல்ல, குழந்தையின் வளர்ச்சியை ஸ்கேனில்தான் பார்க்க வேண்டும்.

கேட்பதில் தவறில்லை, ஆனால் பெரும்பாலான மருத்துவர்கள் மறுப்பார்கள். நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. அந்த நேரத்தில் தசைக்குள் இருக்கும் 7 செ.மீ. கட்டியைத் தோண்டியெடுத்தால் உதிரப்போக்கைக் கட்டுப்படுத்துவது கடினமாகிவிடலாம். கர்ப்பத்தின் நடுவே அகற்றுவதைத் தவிர்ப்பதற்கும் இதுவே முதன்மையான காரணம். காம்புள்ள கட்டியையோ, குழந்தையை வெளியே எடுக்கும் வழியிலேயே குறுக்கிடும் கட்டியையோ சில வேளைகளில் எடுப்பதுண்டு. போதிய அனுபவமும் ரத்த வசதியும் உள்ள சில மையங்களில் தேர்ந்தெடுத்த சிலருக்கு மற்றவற்றையும் எடுக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் கருப்பை பழைய நிலைக்குத் திரும்பும்போது பல கட்டிகள் தாமாகவே கணிசமாகச் சுருங்கிவிடுகின்றன. குழந்தை பிறந்து மூன்று முதல் ஆறு மாதங்கள் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, அப்போது எஞ்சியிருக்கும் கட்டிக்குச் சிகிச்சை தேவைதானா என்று முடிவு செய்யலாம்.