தகடூர்ப் போரைத் தடுக்க முடியுமா? கண்காட்சி மின்சுற்றுக்கு உதவி தேவை

தருமபுரி பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் கண்காட்சிக்கு, காலப்பயண முரண்பாட்டை விளக்கும் மின்சுற்று ஒன்று தயாராகிறது. கேள்வி நம்ம ஊர்க் கேள்விதான்: பின்னோக்கிப் போய் அதியமானை எச்சரித்து, சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையின் தகடூர் (இன்றைய தருமபுரி) போரைத் தடுத்துவிட்டால், தடுக்கப் போகக் காரணமே இல்லை. போகவில்லை என்றால் போர் நடக்கும்.

இது வெளியீட்டை உள்ளீட்டிலேயே இணைத்த ஒரு நாட் கேட் (உள்ளீட்டைத் தலைகீழாக்கும் மின்னணுக் கூறு) மாதிரி. 0 கொடுத்தால் 1, 1 கொடுத்தால் 0. பொருந்தும் விடையே கிடையாது. இரண்டு நாட் கேட்டை வளையமாக்கினால் (சிப்பின் கால் அதாவது பின் 2-லிருந்து 3, கால் 4-லிருந்து 1) விடை இரண்டு, இரண்டும் முரணற்றவை. வரலாற்றை மாற்ற முடியாது, நடந்ததில் பங்கு மட்டும் வகிக்கலாம் என்ற இயற்பியலாளர் நோவிகோவின் கருத்தைக் காட்ட இதுவே போதும்.

சிக்கல் ஒரே நாட் கேட் உள்ள முதல் சுற்றில். 74எச்சி04 (74HC04) என்ற நாட் கேட் சிப்புக்குள் ஒவ்வொரு கேட்டிலும் மூன்று படிகள் இருப்பதால், வெளியீடு 0, 1 என்று மாறி மாறி அலைகிறது. பார்ப்பவர்கள் வரலாறு மாறி மாறி நடப்பதாக எடுத்துக்கொள்வார்கள், அது தவறு. ஒரே படி உள்ள 74எச்சியூ04 (74HCU04) வேண்டும். கால் 2-லிருந்து 1-க்கு 10 கிலோ ஓம் மின்தடை, கால் 14-க்கும் 7-க்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, பயன்படாத உள்ளீடுகள் தரையில். 5 வோல்ட்டில் மல்டிமீட்டர் சுமார் 2.5 காட்டும், அதாவது 0-க்கும் 1-க்கும் நடுவில். 1991-ல் இயற்பியலாளர் டேவிட் டாய்ச் இந்த முரண்பாட்டுக்குச் சொன்ன பாதிக்குப் பாதி விடைக்கு (0-வும் 1-ம் சம அளவில் கலந்த குவாண்டம் நிலை) இது நல்ல உவமை. ஆனால் இந்தச் சுற்றில் இருப்பது குவாண்டம் நிலை அல்ல என்று பலகையில் எழுதியே ஆகணும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இந்த சிப் எந்தக் கடையில் கிடைக்கும்? யாரிடமாவது இரண்டு இருந்தால் தர முடியுமா?