1974 கேட்டலினா 27 பாய்மரப் படகில் கழிவுத் தொட்டி பொருத்துதல்: ஹோஸ் பாதை, காற்றுக்குழாய் குறித்து உதவி தேவை

யூனியன்ஏரி27 (கேள்வி)

வணக்கம். சியாட்டிலில் லேக் யூனியனில் நிறுத்தியிருக்கும் எங்கள் படகு 1974-ஆம் ஆண்டு கட்டப்பட்ட கேட்டலினா 27. கையால் இயக்கும் பம்புடன் கூடிய கழிப்பறை அதில் இருக்கிறது, ஆனால் கழிவு நேராக வெளியே செல்லும் பழைய அமைப்புதான். தொட்டி எதுவும் கிடையாது. 2018 மே 10 முதல் பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியிலும் அதனுடன் சேர்ந்த லேக் யூனியன், லேக் வாஷிங்டன் ஏரிகளிலும் சுத்திகரித்த கழிவைக்கூடப் படகிலிருந்து விடக் கூடாது என்பதால், வெளியேற்றும் வால்வை மூடிவைத்துவிட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தாமலே இருக்கிறோம். இந்தக் குளிர்காலத்தில் தொட்டி பொருத்திவிட எண்ணம்.

என் திட்டம் இது. முன்பக்க முக்கோணப் படுக்கைக்குக் கீழே 15 கேலன் பாலிஎத்திலீன் தொட்டி. கழிப்பறையிலிருந்து வரும் ஒன்றரை அங்குல ஹோஸில் ஒரு ஒய்-வால்வு. அதன் ஒரு கிளை தொட்டிக்கும் மற்றொன்று பழைய வெளியேற்றத் துளைக்கும் செல்லும். தொட்டியிலிருந்து, கரையிலுள்ள கருவி கழிவை உறிஞ்சியெடுக்க டெக்கில் (மேல்தளத்தில்) பொருத்தும் உறிஞ்சு மூடிக்கு ஒரு ஹோஸ். காற்றுக்குழாய்க்கு ஐந்தெட்டு அங்குல ஹோஸ். கடல்நீர் உள்ளே வரும் பாதையில், அடிவால்வுக்கும் (படகின் அடியில் நீர் நுழையும் துளையை மூடும் வால்வு) பம்புக்கும் நடுவே, காற்று வால்வு வைத்த வளைகுழாய் ஒன்று. பழைய ஹோஸ்கள் விரிசலின்றி இருப்பதால் அவற்றையே பயன்படுத்தலாமா, 15 கேலன் போதுமா, இந்தப் பாதையில் தவறு ஏதும் இருக்கிறதா என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பழையபாய்

வணக்கம். தொட்டி வைக்கும் இடம் சரி. முதலில் மாற்ற வேண்டியது வளைகுழாயின் இடம். அடிவால்வுக்கும் பம்புக்கும் நடுவே அதை வைத்தால், பம்ப் இழுக்கும்போது வளைவின் உச்சியிலுள்ள வால்வு வழியாகக் காற்றைத்தான் இழுக்கும்; தண்ணீர் ஏறாது. பம்பின் தலையிலிருந்து கழிப்பறைப் பீங்கான் கிண்ணத்தின் பின்புறத்துக்குச் செல்லும் குட்டை ஹோஸ் ஒன்று இருக்கிறதல்லவா, அதைக் கழற்றிவிட்டு அங்கே இரண்டு நீண்ட துண்டுகளைப் போட்டு மேலேற்றி இறக்குங்கள். படகு எவ்வளவு சாய்ந்தாலும் வளைவின் உச்சி வெளிநீர் மட்டத்துக்கு 15 முதல் 20 செ.மீ. மேலே நிற்க வேண்டும். கேட்டலினா 27-இல் பீங்கானின் விளிம்பு நீர்மட்டத்தை ஒட்டியே அமைகிறது. யாராவது அடிவால்வை மூட மறந்துவிட்டால் சைஃபன் விசையில் தண்ணீர் தானாக ஏறி வழிந்து படகே அமிழ்ந்துவிடலாம் என்பதால் இதில் சமரசம் வேண்டாம்.

அடுத்தது ஒய்-வால்வு. நீங்கள் பியூஜெட் சவுண்டை விட்டு வெளியே செல்வதில்லை என்றால் அது எதற்கு? கரையிலிருந்து 3 கடல்மைலுக்கு அப்பால் சென்றால்தான் அதற்கு வேலை. அதுவரை கைப்பிடியைக் கழற்றியோ, பூட்டியோ, அறுத்தால் மட்டுமே அவிழும் பட்டையால் கட்டியோ வைக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி. இணைப்புகள் கூடக்கூட நாற்றத்துக்கும் கசிவுக்கும் வாய்ப்பும் கூடும். கழிப்பறையிலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து டெக், அவ்வளவு போதும். பழைய வெளியேற்றத் துளையை இப்போதைக்கு வால்வை மூடி அதன் வாயில் திருகு அடைப்பான் போட்டு வையுங்கள். அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது, உடல் தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து ஃபைபர்கிளாஸால் நிரந்தரமாக அடைத்துவிடலாம்.

காற்றுக்குழாயைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனெனில் கடைக்காரர்கள் முதற்கொண்டு எல்லோரும் அலட்சியப்படுத்துவது அதைத்தான். தொட்டிக்குள் காற்று தாராளமாகப் புகுந்து வெளியேறினால், காற்றில் வாழும் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கும். அவை விடும் வாயுவுக்குப் பெரிய நாற்றமில்லை. காற்று கிடைக்காவிட்டால் மற்ற வகை பெருகும். ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும், அழுகிய முட்டை நாற்றம் வரும். ஆகவே ஐந்தெட்டு அங்குலத்தை விட்டுவிட்டு ஓர் அங்குல ஹோஸ் போடுங்கள். முடிந்தவரை குட்டையாக, வழியில் எங்கும் தொய்வில்லாமல் மேல்நோக்கியே ஏறி, படகின் பக்கவாட்டில் வெளியேற வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வைக்க இடமிருந்தால் காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் போகும். அது இன்னும் நல்லது. தொட்டியில் ஊற்றும் மணம் பூசிய நீல மருந்துகளுக்குச் செலவிடும் பணத்தை இதற்குச் செலவிடலாம் என்பது என் கட்சி.

ரொறன்ரோவள்ளம்

நண்பருக்கு வணக்கம். ஒன்ராறியோவில் படகுக் கழிவை ஏரிக்குள் விடும் வழியே இருக்கக் கூடாது என்பதுதான் சட்டம். ஆகவே மேலே சொன்ன எளிய அமைப்பைத்தான் நாங்களும் வைத்திருக்கிறோம்.

பழைய ஹோஸை மீண்டும் பயன்படுத்த வேண்டாம். விரிசல் இல்லாவிட்டாலும் நாற்றம் ரப்பரின் ஊடாகவே கசிந்து வெளியே வரும். சந்தேகமிருந்தால், துணியொன்றை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஹோஸின் மேல் நன்றாகத் தேய்த்து, பிறகு அந்தத் துணியை முகர்ந்து பாருங்கள். துணி நாறினால் அந்த ஹோஸின் ஆயுள் முடிந்துவிட்டது. புதிதாக வாங்கும்போது கழிவுக்கென்றே தயாரிக்கப்பட்டதாகப் பார்த்து வாங்கி, ஒவ்வொரு முனையிலும் துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்ப் இரண்டிரண்டு போடுங்கள்.

தொட்டியின் இணைப்பு வாய்கள் எல்லாம் மேற்புறத்திலேயே இருப்பதாகச் செய்யச் சொல்லுங்கள். உறிஞ்சு வாயிலிருந்து அடிவரை உள்ளே ஒரு குழாய் இறங்கினால் போதும். கழிவு மட்டத்துக்குக் கீழே ஓர் இணைப்பும் இருக்காது. பாலிஎத்திலீனில் எந்தப் பசையும் ஒட்டாது என்பதால், கசிந்தால் சீலன்ட் பூசிச் சரிசெய்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். சுவர் தடிமன் மூன்றெட்டு அங்குலம் இருந்தால் நல்லது. ரப்பர் பை போன்ற தொட்டிகள் உராய்ந்து கிழியும், அலுமினியத் தொட்டியைச் சிறுநீர் அரித்துவிடும், இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை 15 கேலன் என்பது சுமார் 57 லிட்டர். நிறைந்தால் 58 கிலோ அளவில் இருக்கும். உங்கள் அளவுப் படகில் அவ்வளவு பாரம் முன்மூக்கில் இருந்தால் கொஞ்சம் தெரியும், ஆனால் தாங்கும். ஒரு முறைக்கு 2 லிட்டர் என்று வைத்தாலும் இரண்டு பேருக்கு வார இறுதிக்குத் தாராளம். பாரத்தை விடக் கட்டுமானம் முக்கியம்: படகு அலையில் எகிறி விழும்போது தொட்டி நகராதபடி சட்டமடித்துப் பட்டை போட்டு இறுக்குங்கள்.

டெக்கில் துளையிடும்போது கவனம் தேவை. இரண்டு ஃபைபர்கிளாஸ் தகடுகளுக்கு நடுவே மரம் இருக்கும். வேண்டிய அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, ஓரத்து மரத்தைச் சுரண்டியெடுத்து, கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பி, அது இறுகிய பிறகு சரியான அளவில் மறுபடி துளையுங்கள். இல்லாவிட்டால் மழைநீர் இறங்கி டெக் உளுத்துவிடும்.

யூனியன்ஏரி27

இருவருக்கும் மிக்க நன்றி. ஒய்-வால்வை விட்டுவிட்டேன். தொட்டியும் புதிய ஹோஸ்களும் பொருத்தி, நல்ல தண்ணீர் நிரப்பி, ஒவ்வோர் இணைப்பிலும் மெல்லிய காகிதத்தைச் சுற்றி இரவு முழுவதும் வைத்துப் பார்த்ததில் எல்லாம் உலர்ந்தே இருந்தன.

ஆனால் இப்போது வேறொரு சிக்கல். தொட்டி ஏறத்தாழப் பாதி நிறைந்ததும் பம்பின் கைப்பிடி மிகவும் கடினமாகிவிடுகிறது. அழுத்தினால் பீங்கானுக்குள் குமிழி விட்டுத் தண்ணீர் திரும்பி வருகிறது. புது பம்ப் ஆயிற்றே, ஜோக்கர் வால்வில் (கழிவு திரும்பி வராமல் தடுக்கும், பம்பின் வெளியேற்ற வாயிலுள்ள ரப்பர் வால்வு) கோளாறாக இருக்குமா?

பழையபாய்

ஜோக்கர் வால்வைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். டெக்கிலுள்ள உறிஞ்சு மூடியை, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மெதுவாகத் திறங்கள். உஸ்ஸென்று காற்று வெளியேறி, அதன் பிறகு கைப்பிடி இலகுவாகிவிட்டால் பம்பில் குறையில்லை; காற்றுக்குழாய் அடைபட்டிருக்கிறது. பாதி நிறையும் வரை ஓடுவது தொட்டிக்குள் இருக்கும் காற்று அமுங்கிக்கொடுப்பதால்தான்.

இந்த நிலையில் மூடியைப் போட்டபடி பம்ப் செய்யவும் வேண்டாம், கரையில் உறிஞ்சவும் வேண்டாம். முதலாவதில் அழுத்தம் ஏறித் தொட்டியோ இணைப்போ பிளக்கும். இரண்டாவதில் உள்ளே வரக் காற்றில்லாமல் தொட்டியே உட்குழிந்துவிடும். ஹோஸை முழு நீளமும் கையால் தடவிப் பாருங்கள். எங்காவது தாழ்ந்திருந்தால், படகு சாயும்போது தொட்டியிலிருந்து ஏறிய நீர் அங்கே தேங்கி அடைப்பானாக நிற்கும்.

யூனியன்ஏரி27

மூடியைத் திறந்ததும் நீங்கள் சொன்னபடியே காற்று சீறியது, கைப்பிடி இலகுவாகிவிட்டது. அலமாரியின் பின்னால், குறுக்குத் தடுப்பைத் தாண்டும் இடத்தில், ஹோஸ் ஒரு சாண் அளவுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றியபோது அரைக் கோப்பை அளவு பழுப்பு நீர் வந்தது. துளையை மேலே மாற்றி, இரண்டு இடங்களில் தாங்கி வைத்து, நேராக ஏற்றிவிட்டேன். இப்போது முக்கால் தொட்டியிலும் பம்ப் சீராக ஓடுகிறது. வெளி வாயில் பூச்சி கூடு கட்டாமல் இருக்க வலை போடலாமா?

ரொறன்ரோவள்ளம்

வலை வேண்டாம். உப்பும் அழுக்கும் பிடித்து முதலில் அடைபடுவது அந்த வலைதான். படகைக் கழுவும்போதெல்லாம் கழுவும் ஹோஸின் முனையைக் காற்றுக்குழாயின் வெளி வாயில் வைத்து, தொட்டிக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்கும் வரை பிடியுங்கள். கரையில் கழிவை உறிஞ்சி முடித்த கையோடு இதைச் செய்தால், தொட்டியின் அடியும் அலசிவிடப்படும். அந்தத் தண்ணீரையும் மறுபடி ஒருமுறை உறிஞ்சிவிட்டு மூடியைப் போடுங்கள்.