மறு: ‘புறவழிக் குறிகையிடல்’ சரிவருமா?

தம்பிக்கும் குழுவினருக்கும் வணக்கம். நீங்கள் அனுப்பிய தொலைத்தொடர்புக் கலைச்சொல் வரைவைப் படித்தேன்.

சிக்னலுக்குக் குறிகை; அழைப்பை இணைக்கவும் துண்டிக்கவும் சேதி அனுப்புகிற சிக்னலிங்குக்குக் குறிகையிடல். இதில் எனக்கு மறுப்பில்லை. சமிக்ஞை என்று எழுதிப் பழகியவர்கள் கொஞ்சம் முணுமுணுப்பார்கள், போகட்டும். குறிகை பேச்சோடு கலக்காமல் போகிற ‘அவுட் ஆஃப் பேண்ட்’ வகைக்குப் ‘புறவழிக் குறிகையிடல்’ என்று போட்டிருக்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது.

புறவழி என்றதும் புழல் பக்கம் குடியிருப்பவருக்கு என்ன தோன்றும்? லாரி ஊருக்குள் வராமல் தனிச்சாலையில் சுற்றிப்போவது. பேச்சையும் தரவையும் ஒரே தொலைபேசி இணைப்பில் இலக்கமுறையில் தரும் ஐஎஸ்டிஎன்னில் அந்தத் தனிச்சாலை எங்கே? வீட்டுக்கு வருவது ஒரே சோடிக் கம்பி. அதிலேயே 64 கிலோபிட் ‘பி’ தடம் இரண்டு, 16 கிலோபிட் ‘டி’ தடம் ஒன்று. அழைப்பது, மணியடிக்கச் சொல்வது, துண்டிப்பது எல்லாம் ‘டி’யில். பேச்சும் தரவும் ‘பி’யில். இணைப்பகங்களுக்கு நடுவே ஓடும் இ1 இணைப்பிலும் அதே கதைதான்: வினாடிக்கு 8000 சட்டகம் (ஃப்ரேம்), சட்டகத்துக்கு 32 நேரத்துண்டு, துண்டுக்கு 8 பிட். பெருக்கினால் 2.048 மெகாபிட். 0ஆவது துண்டு சட்டகத்தின் தொடக்கத்தைக் காட்ட, 16ஆவது குறிகைக்கு, மிச்சம் 30 பேச்சுக்கு. கம்பி ஒன்று, துண்டுதான் வேறு. ஆகவே ‘தனித்தடக் குறிகையிடல்’ என்கிறேன். ‘இன் பேண்ட்’ வகைக்கு ‘உடன்தடக் குறிகையிடல்’.

அமெரிக்காவில் தொலைவழித் தடம் சும்மா இருக்கிறது என்பதை 2600 ஹெர்ட்ஸ் ஒலியால் தெரிவித்தார்களே, அது உடன்தடம். பேச்சு போகிற தடத்திலேயே அதுவும் போனதால் விசில் ஊதியே இணைப்பகத்தை ஏமாற்ற முடிந்தது.

அடுத்து, தரவைப் பொதி பொதியாக அனுப்பும் எக்ஸ்.25ஐத் தனித்தடப் பட்டியலில் வைத்திருக்கிறீர்கள். 1976இல் வந்த அந்த நெறிமுறையில் அழைப்பு வேண்டுகோள் பொதி எந்தத் தருக்கத் தட எண்ணில் போகிறதோ, இணைந்த பிறகு தரவுப் பொதிகளும் அதே எண்ணில்தான் போகும். அதன் முனையத்தைப் பாரிமுனையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மோடம் வழியாகப் ‘பேட்’ கருவியை (தட்டும் எழுத்துகளைப் பொதியாக்கித் தருவது) கூப்பிட்டு முகவரி எண்ணைத் தட்டுவார்கள். இணைந்துவிட்டால் திரையில் ‘காம்’ என்று வரும். எதிர்முனை வேலையாக இருந்தால் ‘சிஎல்ஆர் ஓசிசி’. வேலை முடிந்ததும் கன்ட்ரோல்-பி அழுத்தி அந்தப் ‘பேட்’டைக் கட்டளைக்குத் திருப்பி, ‘சிஎல்ஆர்’ தட்டினால் துண்டிப்பு. கட்டளைக்கும் தரவுக்கும் ஒரே விசைப்பலகை, ஒரே திரை. இதைவிட உடன்தடம் வேறு வேண்டுமா!

– பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து

*

ஐயா வணக்கம். எக்ஸ்.25ஐ இடம் மாற்றிவிடுகிறேன். ‘தனித்தடம்’ எக்ஸ்.25க்குப் பின் வந்த ஃப்ரேம் ரிலேவுக்கும் ஒத்துவருகிறது, அங்கே குறிகைக்கு டிஎல்சிஐ (தட எண்) 0. ஏடிஎம்மில் (பணம் எடுக்கிற இயந்திரம் அல்ல, வலையமைப்பு நுட்பம்) வழி எண்ணான விபிஐ 0, தட எண்ணான விசிஐ 5.

ஆனால் அந்த 16ஆவது துண்டிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய வகையில் ஒவ்வொரு பேச்சுத் தடத்துக்கும் அதில் 4 பிட் நிரந்தரமாக ஒதுக்கியிருக்கும். முதல் சட்டகம் சுற்றின் தொடக்கத்தைக் காட்ட, மிச்சம் 15இல் சட்டகத்துக்கு இரண்டு தடம் வீதம், 16 சட்டகத்தில் ஒரு சுற்று முடியும். பிந்தைய வகையில் அந்த ஒதுக்கீடே கிடையாது. எந்தத் தடத்துக்குச் சேதி இருக்கிறதோ, அந்த எண்ணைத் தாங்கி அது மட்டும் போகும். இரண்டுமே தனித்தடம்தானே? ‘காமன் சேனல்’ எனப்படும் பிந்தையதைப் ‘பொதுத்தடம்’ என்றால் பிள்ளைகள் எல்லாரும் பேசுகிற தடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

‘ஆக்சஸ் மெத்தட்’ இன்னும் பாக்கி. அணுகுமுறை என்று எழுதினால் பாலிடெக்னிக் பையன் அதை ‘அப்ரோச்’ என்றுதான் படிப்பான்.

– வியாசர்பாடி

*

தம்பி, ‘பொது’வைத் தடத்தோடு ஒட்டாமல் குறிகையோடு ஒட்டுங்கள்: பொதுக்குறிகைத் தடம். பழைய வகைக்குத் தடவாரிக் குறிகையிடல். மாவட்டவாரி, வார்டுவாரி என்று தினமும் சொல்கிறோமே, விளக்கவே வேண்டாம்.

‘ஆக்சஸ்’ விஷயத்தில் இரண்டு சங்கதி கலந்து கிடக்கிறது. வாடிக்கையாளர் வலையமைப்புக்குள் வருவது டயல் செய்தா, லீஸ்டு லைனிலா (நிரந்தரமாக வாடகைக்கு எடுத்த கம்பி) என்பது ஒன்று. அதற்கு நுழைவழி. பலர் ஒரே ஊடகத்தைப் பகிர்வது இன்னொன்று. அதற்கு ஊடக அணுக்கம். இதற்குள் ‘போலிங்’ வருகிறது. உங்கள் வரைவில் அது ‘வாக்கெடுப்பு’ ஆகியிருக்கிறது, முதலில் அதை அடியுங்கள். ஒரே கம்பியில் தொங்கும் முனையங்களைத் தலைமை நிலையம் ஒவ்வொன்றாக ‘அனுப்ப ஏதாவது இருக்கா?’ என்று கேட்பது அது. முறைவினவல் எனலாம். யாரும் கேட்காமலே நினைத்தபோது அனுப்பி, மோதினால் மறுபடி அனுப்புகிற ஹவாயின் அலோஹா இதற்கு நேரெதிர்: போட்டி அணுக்கம். அதன் உச்சப் பயன்பாடு 18.4 சதவீதம். நேரத்துண்டு பிரித்துவிட்டால் இரு மடங்கு, 36.8. அந்த வகைக்கு ‘துண்டுநேர அலோஹா’ போதும். அலோஹாவையும் தமிழாக்குகிறேன் என்று யாராவது கிளம்பினால் நான் வாக்கெடுப்பு கேட்பேன்.