கலைச்சொல் விவாதம்: ‘திவால் வழக்கறிஞர்’ பொருந்துமா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

டெல்டா மாவட்டங்களுக்கான சட்ட உதவிக் கையேட்டின் சொற்பட்டியலில் ‘பேங்க்ரப்ட்சி லாயர்’ என்பதற்கு ‘திவால் வழக்கறிஞர்’ என மன்னார்குடி ஐயா முன்மொழிந்திருக்கிறார். எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் நம் பக்கத்தில் ‘திவால்’ என்பதும் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தவன்’ என்பதும் நிலைமையைச் சொல்வதைவிட ஆளை ஏசுவதற்கே அதிகம் பயன்படுகின்றன. குறுவையும் சம்பாவும் அடுத்தடுத்துப் பொய்த்து, உரக்கடைப் பாக்கியும் நகைக்கடன் வட்டியும் சேர்ந்து அழுத்த, கோர்ட்டுக்குப் போகலாமா என்று தயங்கி நிற்பவரிடம் அந்தச் சொல்லைக் கொண்டு நீட்டக் கூடாது. ‘நொடித்துப் போய்விட்டார்’ என்பதில் இரக்கம் உண்டு, பழி இல்லை. எனவே என் பரிந்துரை ‘நொடிப்பு மனு வழக்கறிஞர்’.

‘மனு’வையும் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ நீதிமன்றத்துக்கு எதிரே எத்தனை பெயர்ப்பலகைகளைப் படித்தாலும், இன்ன வகை வழக்கில் தேர்ந்தவர் என்று எதிலும் இருக்கக் கூடாது. இந்திய பார் கவுன்சில் விதிகள் அதைத் தடுக்கின்றன. ஆகவே தேடி வருபவர் வக்கீல் குமாஸ்தாவிடம்தான் விசாரிக்க வேண்டும். அங்கே செல்லுபடியாகும் சொல் ‘ஐ.பி.’, அதாவது ‘இன்சால்வன்சி பெட்டிஷன்’; “ஐ.பி. கேஸ் நடத்துறவர் யாருங்க?” என்றால் உரிமையியல் வழக்கறிஞர் ஒருவரைக் காட்டுவார்கள். ‘நொடிப்பு மனு’ அந்த ஐ.பி.யின் நேர்ப்பொருள்தான். பதிவில் இரண்டையும் சேர்த்தே தர வேண்டும்.

2016ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டத்தின் சொற்களையே பின்பற்றலாம் என்ற கருத்தும் இங்கு வந்தது. அந்தச் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, 2019 டிசம்பர் 1 முதல், நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்கள் அளவில் மட்டுமே நடைமுறைக்கு வந்தது. திருவாரூர் அரிசி வியாபாரியும் நாகப்பட்டினத்துப் படகு உரிமையாளரும் தங்கள் சொந்தக் கடனுக்கு இன்னமும் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டத்தின்படியே மனுச் செய்கிறார்கள். நம் கையேடு அவர்களுக்கானது.

கட்டணச் சொற்களைப் பொறுத்தவரை, ‘முன்பணம்’, ‘வாய்தா ஃபீஸ்’ ஆகிய இரண்டையும் அப்படியே ஏற்கலாம். ‘வெற்றிக் கட்டணம்’ என்ற பரிந்துரையை மட்டும் நீக்கிவிடுங்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்திருக்கும்போது, நாமே அதற்கொரு பெயர் சூட்டினால் வாசகர் அதை வழக்கமான கட்டணம் என்றே எண்ணிக்கொள்வார். கையில் காசில்லாமல் நொடிப்பு மனுப் போட வருபவரிடம் முன்பணம் கேட்பது விசித்திரம்தான். அதனால்தான் ‘சட்ட உதவி’ என்ற பதிவை இதன் பக்கத்திலேயே வைக்கச் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைக் கோரலாம். வெள்ளம், வறட்சி போன்ற பேரிடர்களால் பாதிக்கப்பட்டவர்களும் அதே பட்டியலில் இருக்கிறார்கள். டெல்டாவில் இந்த வரி எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100 என்பதையும் சேருங்கள்.

கும்பகோணத்திலிருந்து

*

அன்புள்ள கும்பகோணத்தாருக்கு,

‘நொடிப்பு’க்கு உடன்படுகிறேன். கடன் கொடுத்தவரும் இதே சட்டத்தில் மனுச் செய்யலாம் என்பதால் ‘மனு’வும் இருக்கட்டும், வழக்கறிஞர் எந்தப் பக்கத்தவரானாலும் பெயர் பொருந்தும். நொடித்தவரின் சொத்தைப் பொறுப்பேற்க நீதிமன்றம் அமர்த்தும் ‘ரிசீவர்’ என்பதைத் தமிழாக்க வேண்டாம். சொத்து அவர் கைக்குப் போகும் என்பதும், உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஜப்தியிலிருந்து விலக்கிய உழவு மாடு, விதைநெல், உழவரின் குடியிருப்பு ஆகியவை போகா என்பதும் விளக்கத்தில் வரட்டும்.

ஒரு சொல்லில் மட்டும் மாறுபடுகிறேன். இறுதி ஆணைக்குப் பட்டியலில் ‘விடுதலை’ என்று இருக்கிறது. அது குற்ற வழக்கில் விடுதலையானதைப் போல ஒலிக்கிறது. தவிர, அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கியும் ஜீவனாம்சமும் அந்த ஆணைக்குப் பிறகும் தீர்வதில்லை. ‘கடன் விடுவிப்பு ஆணை’ என்று எழுதி, தீராத கடன்களை அதே பதிவில் குறிப்பிட்டால் போதும்.

மன்னார்குடியிலிருந்து